பின்கதவு திறக்காத வேனில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்

 

கொஞ்சம் நீளமான பதிவு. வேன் வைத்திருப்பவர்களும், வேனில் பிள்ளைகளை அனுப்புகிறவர்களும் ஆறுதலாக வாசியுங்கள்.

தவணை விடுமுறைக்குத் திருகோணமலைப் பக்கம் குடும்பங்களாகப் போகும் ஏற்பாடு பற்றி நம் பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் பத்து நாளாகப் பேச்சு நடக்கிறது. இந்த முறை சைக்கிளும் வரவேண்டும் என்று பிள்ளைகளின் பிடிவாதம். அதில் நியாயம் இருக்கிறது. 2022 இல் எரிபொருள் வரிசையில் நாள் கணக்கில் நின்ற காலத்தில் நம்மில் பலர் கடன்பட்டாவது ஒரு சைக்கிள் வாங்கினோம். வாங்கிய பிறகுதான் ஹந்தானை ஏற்றம் என்னவென்று கால்களுக்குத் தெரிந்தது. டவுனுக்கு இறங்குவது ஐந்து நிமிடம், திரும்பி வருவது தள்ளிக்கொண்டுதான். அந்தச் சைக்கிள்கள் இப்போது மாடிப்படிக்குக் கீழே தூசி பிடித்துக் கிடக்கின்றன. சமதரையில் ஒரு வாரமாவது ஓட்டட்டுமே என்று பிள்ளைகள் நினைப்பது சரிதான்.

அதனால் ஒரு யோசனை வந்தது. வேனின் பின்கதவில் தொங்கவிடும் சைக்கிள் ராக்கை ஒரே அளவில், ஒரே வெல்டிங் கடையில் பத்துப் பன்னிரண்டு செய்வித்தால் விலை குறையும், பட்டியலில் பெயரைப் போடுங்கள் என்று. நான் பெயர் போடவில்லை. ஏன் என்று மூன்று பேர் தனியாகக் கேட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

என் கருத்து இதுதான். ராக் வாங்கும்போது நாம் சைக்கிளைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது கதவை. ஒவ்வொரு வேனின் கதவும் வேறு. ஒரே அளவு ராக் பன்னிரண்டு வேனுக்குப் பொருந்தாது. அதைவிட முக்கியம், சைக்கிளை ஏற்றிய பிறகும் அந்தப் பின்கதவு திறக்க வேண்டும்.

முதலில் கதவு வகையைச் சொல்கிறேன்.

நம் ஊரில் ஓடும் வேன்களில் பெரும்பாலானவை டொல்பின், கே.டி.எச்., கரவன், சின்ன எவரி. இவற்றின் பின்கதவு ஒரே துண்டு. பிணைச்சல் மேலே இருக்கும், கதவு மேல்நோக்கித் திறக்கும். இரண்டு பக்கத்திலும் காற்றடைத்த தண்டுகள் கதவைத் தாங்கும். இன்னொரு வகை, அலுமாரி போல நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் திறக்கும் இரட்டைக் கதவு. பழைய அம்புலன்ஸ், சாமான் வேன், ஐரோப்பிய வேன்களில் இதைக் காணலாம். அப்படியான வண்டியை வாங்கி, உள்ளே கட்டிலும் காஸ் குக்கரும் வைத்துக் கேம்பர் வேனாக மாற்றியவர்கள் நம் பகுதியிலும் இருக்கிறார்கள்.

மேலே திறக்கும் கதவில் தொங்கவிடும் ராக் எப்படி நிற்கிறது? மேலே கொக்கிகள் கதவின் விளிம்பைப் பிடிக்கின்றன. கீழே இரண்டு கால்கள் கதவின் தகட்டில் ஊன்றுகின்றன. பெரியவர் சைக்கிள் இரண்டு, ஒவ்வொன்றும் 16 கிலோ. பிள்ளையின் சைக்கிள் ஒன்று, 10 கிலோ. ராக் 12 கிலோ. மொத்தம் 54 கிலோ. சீமெந்து மூட்டை ஒன்றுக்கு மேலே. ஆனால் சீமெந்து மூட்டை வேனுக்குள்ளே தரையில் கிடக்கும். இது கதவிலிருந்து ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் வெளியே தொங்குகிறது. கொக்கிக்கும் ஊன்றும் காலுக்கும் இடையில் 70 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். 54 ஐ 40 ஆல் பெருக்கி 70 ஆல் வகுங்கள். 30 கிலோவுக்கு மேல் வரும். அதாவது வேன் சும்மா நிற்கும்போதே மேல் கொக்கிகள் கதவின் விளிம்பை 30 கிலோ பலத்தில் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கின்றன. இது கீழே இறங்கும் 54 கிலோவுக்கு மேலதிகம். சில்லு ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பும் கணத்தில் இதெல்லாம் இரட்டிப்பாகலாம். 10 ஆம் தரப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. ஒரு கதவைப் பிணைச்சலுக்குக் கிட்டத் தள்ளிப் பாருங்கள், பிறகு ஓரத்தில் தள்ளிப் பாருங்கள். அதே விசயம்தான்.

புதிய கதவு இதைத் தாங்கும். நம் கதவுகள் புதியவையா? டொல்பின் என்று நாம் கூப்பிடும் ஹைஏஸ், 2004 இல் ஜப்பானில் புதிய மாதிரிக்கு இடம் விட்டது. அப்படியானால் ஊரில் ஓடும் ஒவ்வொரு டொல்பினுக்கும் 20 வயது தாண்டிவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த இடைவெளியில் பழைய வண்டிகளையே டிங்கர் செய்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்து ஓட்டினோம். ஹந்தானையின் மழையும் மூடுபனியும் கதவின் கீழ் விளிம்பையும் பிணைச்சலையும் எப்படித் தின்னும் என்று சொல்லத் தேவையில்லை. வெளியே பளபளப்பு, உள்ளே துரு. பெயின்டுக்குக் கீழே இருப்பது தகடா பட்டியா என்று ராக்கின் கொக்கிக்குத் தெரியாது. உருவி வரும்போதுதான் நமக்கும் தெரியும்.

உருவி வந்தால் எங்கே விழும்? பின்னால் வருகிறவரின் முன்னால். நாம் போகப்போவது ஏ9 பாதை. கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மாத்தளை, தம்புள்ளை என்று எல்லா இடத்திலும் நம் வேனுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவது மோட்டார் சைக்கிளும் த்ரீவீலும்தான். பல மோட்டார் சைக்கிள்களில் கணவன், மனைவி, நடுவில் ஒரு பிள்ளை. 16 கிலோ இரும்பு அவர்கள் முன்னால் விழுந்தால் என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு பகுதி என்று சின்ன வயதில் மத்ரஸாவில் படித்தவர்கள் நாம். பாதையில் தொல்லையைப் போடாமல் இருப்பது அதற்கும் முதல் வேலை.

இன்னொன்று, மூன்று சைக்கிளைப் பின்னால் தொங்கவிட்டால் நம்பர் தகடு மறையும். பிரேக் லைட், சிக்னல் லைட் பாதி மறையும். மோட்டார் வாகனச் சட்டம் 1951 இலிருந்து இருக்கிறது. நம்பர் தகடும் பின் லைட்டும் தெரிய வேண்டும் என்பது புதிதாக யாரும் கண்டுபிடித்த விதி இல்லை. 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்றச் சொல்லிப் பொலிஸார் நடவடிக்கை எடுத்தபோது எவ்வளவு சத்தம் எழுந்தது என்று நினைவிருக்கும். தண்டப்பணத்துக்காக இதைச் சொல்லவில்லை. மாலை மூடுபனியில் ஹந்தானை வளைவில் நீங்கள் பிரேக் பிடித்தது பின்னால் வருகிறவருக்குத் தெரிய வேண்டும். அதற்காகச் சொல்கிறேன். பின்னால்தான் ராக் என்று முடிவெடுத்தால், நம்பரும் லைட்டும் பூட்டிய தனிப் பலகை ஒன்றை சைக்கிளுக்கு வெளியே கட்டி, வயர் இழுத்து வேலை செய்ய வைக்க வேண்டும். ராக்கின் விலையில் இதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். சைக்கிள் டயர் சைலன்ஸர் குழாய்க்கு நேரே வந்தால் அந்தச் சூட்டில் டயர் கெட்டுப்போகும். அதையும் கவனியுங்கள்.

காற்றடைத்த தண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கதவின் பாரத்துக்கு மட்டும் செய்தது. சைக்கிளோடு கதவைத் தூக்கினால் தண்டு தாங்காது. பாதி வழியில் கதவு கீழே வரும். அந்த நேரம் கதவுக்குக் கீழே நிற்பது பெரும்பாலும் சாப்பாட்டுக் கூடையை எடுக்கக் குனிந்த உம்மாவோ, பந்தை எடுக்க ஓடிவந்த பிள்ளையோதான். ஆகவே சைக்கிளை இறக்காமல் இந்தக் கதவைத் திறக்கவே கூடாது.

இரட்டைக் கதவு வண்டிக்கு வருவோம். இங்கே பிழை வேறு மாதிரி நடக்கிறது. மேலே திறக்கும் கதவுக்குச் செய்த ராக்கை வாங்கி, இரண்டு கதவுக்கும் குறுக்கே பெல்ட் போட்டு இறுக்கிவிடுகிறார்கள். பார்க்க உறுதியாக இருக்கும். ஆனால் இரண்டு கதவையும் சேர்த்துக் கட்டிய மாதிரிதான். எதுவும் திறக்காது.

ஐரோப்பாவில் தூலே, ஃபியாமா போன்ற கம்பனிகள் இந்த வகைக் கதவுக்கென்றே, அந்தந்த வேன் மாதிரிக்கென்றே தனியாக ராக் செய்கின்றன. ஒரு கதவில் மட்டும் பூட்டி, அந்தக் கதவோடு சேர்ந்து சுழன்று திறக்கும் வகையும் அதில் உண்டு. அதன் யோசனை நல்லது. ஆனால் எந்தக் கதவில் பூட்டுவது என்பதில் கவனம் வேண்டும். ஒரு பெரியவர் சைக்கிளின் நீளம் ஏறக்குறைய 1.7 மீற்றர். அநேகமான வேன்களின் அகலமும் அவ்வளவுதான். ஆகவே ஒரு கதவில் பூட்டினாலும் சைக்கிள் மற்றக் கதவுக்கு முன்னாலும் நீட்டிக்கொண்டு நிற்கும். முதலில் திறக்கும் கதவில் பூட்டினால், சைக்கிளும் அந்தக் கதவோடு சுழன்று வெளியே வரும், பிறகு மற்றக் கதவையும் திறக்கலாம். இரண்டாவதாகத் திறக்கும் கதவில் பூட்டினால், சைக்கிள் முதல் கதவை மறித்துக்கொள்ளும். முதல் கதவு திறக்காமல் இரண்டாவதும் திறக்காது. நம் ஊர் வெல்டிங் கடையில் செய்விப்பதென்றால் இந்த ஒரு கேள்வியையாவது முதலில் கேளுங்கள்.

சரியான கதவில் பூட்டினாலும் நம் சாய்வை மறக்க வேண்டாம். ஹந்தானையில் சமமான இடத்தில் வண்டி நிறுத்துகிறவர் யார்? மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கும் வேனில் சைக்கிள் பூட்டிய கதவின் பூட்டைத் திறந்தால், 40 கிலோ பாரம் கதவைக் கையிலிருந்து பறித்துக்கொண்டு திறக்கும். மூக்கு பள்ளத்தைப் பார்த்து நின்றால் அதே பாரம் விரலின் மேல் மூடும். சமதரை நாட்டில் செய்த சாமானின் விளம்பரப் படத்தில் இது தெரியாது.

இனி, எனக்கு நித்திரை வராமல் செய்கிற விசயத்துக்கு வருகிறேன். கட்டில் போட்ட வேனில் பிள்ளைகள் படுக்கிறார்கள். அதே வேனில் காஸ் குக்கர் இருக்கிறது. 2021 கடைசி மாதங்களில் வீட்டு அடுப்பங்கரைகளில் காஸ் வெடித்த செய்திகளை நாடே கேட்டது. வீட்டில் ஓடுவதற்கு முன்வாசலும் பின்வாசலும் இருக்கும். வேனில் பக்கக் கதவு ஒன்று, பின்கதவு ஒன்று. பக்கக் கதவை மண்மேட்டோடு அல்லது மதிலோடு ஒட்டி நிறுத்திவிட்டு, பின்கதவில் சைக்கிளைக் கட்டிவிட்டால், பின்னால் படுக்கும் பிள்ளைக்கு வழி எது? முன் ஆசனத்தைத் தாண்டி ஓட்டுநர் கதவால் போக வேண்டும். இருட்டில், புகையில், அரைத் தூக்கத்தில் ஒன்பது வயதுப் பிள்ளை அதைச் செய்யுமா? பல வேன்களில் பின்கதவுக்கு உள்ளே கைபிடியே கிடையாது. ராக் இல்லாவிட்டாலும் அது அரை வழிதான். ராக் போட்டால் அந்த அரையும் இல்லை.

பின்ராக் வேண்டும் என்பவர்களின் நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். உயரம் குறைவு, பெண்களும் வயதானவர்களும் தனியாக ஏற்றி இறக்கலாம். உள்ளே ஆசனம் குறையாது. கூரையில் தூக்கிவைக்க இரண்டு பேர் வேண்டும், நாரி பிடிக்கும். எல்லாம் உண்மை. அதனால்தான் ராக்கே வேண்டாம் என்று சொல்லாமல், எந்த வழி யாருக்குச் சரி என்று சொல்கிறேன்.

இரண்டு சைக்கிளென்றால் உள்ளே கொண்டுபோங்கள். முன் சில்லைக் கழற்றி, ஹேன்டிலைத் திருப்பினால் சைக்கிள் எவ்வளவு சின்னதாகும் என்று ஆச்சரியப்படுவீர்கள். ஒரு பலகையில் முன் கவைக்கு ஒரு பிடி பூட்டி, பலகையைத் தரையில் போல்ட் செய்துவிட்டால் ஆடாது. கேம்பர் வேனில் கட்டிலுக்குக் கீழே இடம் இருக்கும். ஒரே நிபந்தனை, கட்டாமல் வைக்கக் கூடாது. திடீர் பிரேக்கில் கட்டாத சைக்கிள் முன்னால் இருப்பவரின் பிடரிக்குத்தான் வரும்.

மூன்று நான்கு சைக்கிளென்றால் கூரை. பல ஹைஏஸ்களில் மழைநீர் வழியும் விளிம்பு கூரையின் இரண்டு பக்கமும் ஓடுகிறது, அதைக் கவ்விப் பிடிக்கும் கெரியர் போடலாம். கூரையின் தாங்கும் எல்லையை வண்டியின் கையேட்டில் பாருங்கள். நைலோன் கயிறு நனைந்தால் நெகிழும், அதனால் பல்சக்கரம் வைத்து இறுக்கும் பெல்ட்டால் கட்டுங்கள். உயரத்தை மறக்க வேண்டாம். 2 மீற்றர் வேனில் சைக்கிளை நிமிர்த்திவைத்தால் 3 மீற்றர் தாண்டும். மரக்கிளை, டெலிபோன் வயர், பெற்றோல் செட்டின் கூரை, கார் பார்க்கின் வாசல் எல்லாம் அந்த உயரத்தில்தான் காத்திருக்கின்றன. உயரத்தை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டுங்கள்.

தூக்க முடியாதவர்கள், பின்னால்தான் வேண்டும் என்பவர்கள், கதவை விட்டுவிட்டு வண்டியின் சட்டத்தில் பூட்டும் ராக்கைத் தேடுங்கள். இழுவைக் கொக்கி பூட்டும் இடத்திலிருந்து வரும் வகை. பாரம் கதவுக்குப் போகாமல் சட்டத்துக்குப் போகும். அதிலும் ஒரு பக்கமாகச் சுழற்றி விலக்கக் கூடியதாக இருந்தால் பின்கதவு திறக்கும். பம்பரில் வெல்ட் பண்ணுவது இதில் சேராது. பம்பர் பாரம் சுமக்கச் செய்ததல்ல. இந்த வகையில் வண்டி அரை மீற்றருக்கு மேல் நீளும். எங்கள் குறுகிய வளைவில் வால் வெளியே வீசும், செங்குத்தான கேட் வாசலில் நிலத்தில் உரசும். ஓட்டுகிறவர் அதைப் பழக வேண்டும்.

கதவில்தான் என்றால், உங்கள் வேன் மாதிரிக்கே செய்த ராக், இரண்டு பாரம் குறைந்த சைக்கிள், துருப் பார்த்த கதவு, வெளியே லைட் பலகை. பிள்ளைகள் படுக்கும் வேனுக்கு இது வேண்டவே வேண்டாம். இரவு வண்டியை நிறுத்தியதும் சைக்கிளை இறக்கி மரத்தில் பூட்டிவைக்கிறேன் என்பவர் மட்டும் யோசிக்கலாம்.

ஐந்தாவது வழி எல்லாவற்றிலும் மலிவு. பொலன்னறுவையிலும் அனுராதபுரத்திலும் சைக்கிளை நாள் வாடகைக்குக் கொடுக்கும் இடங்கள் நிறைய இருக்கின்றன. நாம் தங்கும் இடத்தில் கிடைக்குமா என்று ஒரு கோல் எடுத்துக் கேட்பதற்கு ராக் தேவையில்லை.

வெல்டிங் பாஸ்மாரைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்களின் கைவேலையில்தான் இந்த ஊரின் பாதி கேட்டுகள் நிற்கின்றன. ஆனால் பன்னிரண்டு வேனைப் பார்க்காமல் ஒரே அளவில் பன்னிரண்டு ராக் கேட்டால், அது அவர்களின் பிழை இல்லை, கேட்ட நம் பிழை. வண்டியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், கதவைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், ஏற்றிய பிறகு எப்படித் திறக்கும் என்று செய்துகாட்டச் சொல்லுங்கள். நல்ல பாஸ் யாரும் இதற்குக் கோபிக்க மாட்டார்.

குழுவுக்கு என் ஆலோசனை மூன்று. கூட்டு ஓடரை நிறுத்துவோம். பயணத்துக்கு முந்திய வாரம் ஒரு சனிக்கிழமை எல்லா வேனையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சைக்கிளை ஏற்றி, ஹந்தானைப் பாதையில் ஒருமுறை இறங்கி ஏறி, பெல்ட்டும் போல்ட்டும் நெகிழ்ந்ததா என்று பார்ப்போம். பயண நாளிலும் முதல் பத்துக் கிலோமீற்றரில் நிறுத்தி மறுபடி பார்ப்போம். மூன்றாவது, கட்டில் போட்ட ஒவ்வொரு வேனிலும் ஒரு சின்னச் சோதனை. பக்கக் கதவைப் பூட்டிவிட்டு, அந்த வேனில் படுக்கப்போகும் ஆகச் சின்னப் பிள்ளையை உள்ளே விட்டு, பின்பக்கமாக வெளியே வா என்று சொல்லுங்கள். பத்து எண்ணுவதற்குள் பிள்ளை தானாக வெளியே வந்தால் அந்த வேன் போகலாம். வராவிட்டால் உள்ளே ஒரு கைபிடி பூட்டுங்கள், சைக்கிளை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். அது முடியாவிட்டால், அந்த வேனில் சாமானை ஏற்றுங்கள், பிள்ளைகளை வேறு வேனில் ஏற்றுங்கள்.

பிள்ளைகள் அமானிதம். சைக்கிள் ஓட்டும் ஆசையோடு போகிறார்கள். அந்த ஆசையோடேயே திரும்பி வரட்டும், இன்ஷா அல்லாஹ்.